பெர்லினுக்கு ஒரு விருந்தாளி

மாசி மாதம் இறப்பர் மரங்கள் இலை கொட்டும் நேரத்தில் தனக்கு ஒரு கிழமை லீவு வேண்டும் என்று விஜயகலா கார்த்திகையிலேயே சொல்லி வைத்தாள். வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில், மழைக்குப் பயந்து எல்லோரும் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்றபோதுதான் கேட்டாள். பேர் போட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

“அதுக்கு இப்பவே என்ன அவசரம்? எங்க போறீங்க, கதிர்காமமா?”

“இல்லீங்கய்யா. பெர்லினுக்கு.”

“அது எங்க இருக்கு, பெலிஹுல்ஓயா பக்கமா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கொட்டகையே சிரித்தது. விஜயகலாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, “ஜெர்மனியில இருக்கு. நம்ம ஜுமானா கூப்பிட்டிருக்கு” என்றாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்களில் விமானம் ஏறியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போனவர்கள். ஊர் பார்க்க என்று எவரும் போனது கிடையாது. விஜயகலாவும் முதல் தடவை வேலைக்குத்தான் போனாள். மகள் மதுஷாவுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. கணவன் யோகராஜ் தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் இறப்பர் சீட்டுகளுக்குப் புகை போடுகிறவன். அந்தச் சம்பளத்தில் லயத்து ஒற்றையறைக் காம்பராவை விட்டு வெளியே வரவே முடியாது என்று தெரிந்தபின், குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவள் பெய்ரூத்துக்குப் போனாள். போன இடத்தில் அவள் கையில் கொடுக்கப்பட்டது இன்னொரு பெண் குழந்தை. அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்த ஜுமானா.

அந்த வீட்டு மேடம் கெட்டவள் அல்ல. கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. ஆனால் வெளியே போகும்போது கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். ஏழு வருடம் அப்படியே போனது. பெய்ரூத் கடலோரத்து நகரம். அந்தக் கடலை விஜயகலா காரின் பின் சீட்டிலிருந்து பார்த்திருக்கிறாள், மடியில் பிள்ளையும் காலடியில் பைகளுமாக. இறங்கிப் போய்த் தண்ணீரில் கால் வைத்தது கிடையாது. 2006இல் அங்கே யுத்தம் மூண்டு குண்டு விழத் தொடங்கியதும், மற்ற இலங்கைப் பெண்களோடு சேர்ந்து பஸ்ஸில் சிரியாவுக்குப் போய், அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தாள். எட்டு வயது ஜுமானா பஸ்ஸின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள்.

அதற்குப் பிறகும் தொடர்பு விட்டுப்போகவில்லை. வருடப் பிறப்புக்கு மேடம் போன் எடுப்பாள். ஜுமானா வளர்ந்ததும் அவளே பேசத் தொடங்கினாள். படித்து டாக்டராகி, பெர்லினுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு, இப்போது ஒரு குழந்தையும் பிறந்திருந்தது. “எனக்குன்னு ஒரு வீடு இருக்கு கலா. நீ வந்து பார்க்கணும். டிக்கெட் நான் அனுப்புறேன்” என்று அரபியில் அவள் கேட்டபோது, விஜயகலா கொஞ்சமும் யோசிக்காமல் சரி என்றுவிட்டாள்.

யோசித்தவன் யோகராஜ்தான். தேங்காய் திருவிக்கொண்டே கேட்டான்.

“புள்ளைக்கு எத்தன மாசம்?”

“எட்டு.”

“அப்ப சரி. பாத்துக்க ஆள் தேடுறாங்க.”

“ஏங்க அப்படிச் சொல்றீங்க? அது நான் தூக்கி வளத்த புள்ளைங்க.”

“அதுனாலதான் சொல்றேன். தெரியாத ஆளுன்னா சம்பளம் பேசுவாங்க. உன்கிட்ட பாசம் பேசுவாங்க.”

விஜயகலாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெய்ரூத்திலிருந்து மேடத்தின் குரல் போனில் வந்து விழுந்தது. ‘கலா, போறதுதான் போறே, மூணு மாசம் இருந்துட்டு வா. ஜுமானா ஒத்தையா கஷ்டப்படுறா. உன் கையில புள்ள இருக்குன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன். உனக்கு என்ன வேணுமோ நான் செய்றேன்.’

அதை அவள் யோகராஜிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். ‘நான் சொன்னேன்ல’ என்று அவன் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். அவனோ பால் போடாத பிளேண்டித் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடியலில் மலைக்குப் போய் மரம் மரமாக வெட்டும்போது அதுவே நினைவாக இருந்தது. கத்தி பட்டையை மெல்லிசாகச் சீவும், பால் கோடு பிடித்து இறங்கிச் சிரட்டையில் சொட்டும், அடுத்த மரத்துக்குப் போவாள். மேடத்தின் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவளுக்கு மனசு வலித்தது வேறொன்றால்: மூன்று மாதம் என்று கேட்டதும் அவளுடைய புத்தி தானாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தது. பிள்ளைக்கு என்ன எண்ணெய் கொண்டுபோவது, எந்த நேரத்தில் தூங்க வைப்பது, அந்தக் குளிரில் எப்படிக் குளிப்பாட்டுவது என்றெல்லாம் கணக்குப் போட்டு முடித்திருந்தது. விருந்துக்குப் போகிறவளின் புத்தி இல்லை அது.

வேலைக்கென்றால் வேலைக்கு, விருந்துக்கென்றால் விருந்துக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் அவிழ்க்கிற இடத்தில் அழுகைதான் மிஞ்சும்.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னாலிருந்த பாறையில் ஏறினாள். அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். ஜுமானா எடுத்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“ஜுமானா, நான் வர்றேன். ஆனா தய்ஃபேயாத்தான் வர்றேன்.”

தய்ஃபே என்றால் அரபியில் விருந்தாளி.

“அம்மா ஏதாவது சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

ஜுமானா தன் தாயைப் பற்றி விஜயகலா சொல்லிக் கொடுத்திராத ஒரு வார்த்தையைச் சொன்னாள். பிறகு குரல் தணிந்தது. “உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் கலா. புள்ள விடாம அழுற நேரத்துல, கலா இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்னு நானும் நெனச்சிருக்கேன். ஆனா அதுக்காகக் கூப்பிடல. ஏழு வருஷம் நீ எனக்கு ஊட்டிவிட்ட. நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. அத நெனச்சுப் பார்த்தப்ப எனக்கு வெட்கமாப் போச்சு.”

விஜயகலா அப்போதுதான் அதை யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அந்த வீட்டில் அவள் சமையலறையில், எல்லோரும் முடித்தபிறகு, நின்றுகொண்டே சாப்பிடுவாள்.

“அப்ப அஞ்சு நாளைக்கு வர்றேன்” என்றாள். “வர்ற டிக்கெட்டோட போற டிக்கெட்டும் சேர்த்து எடு. உங்கம்மாகிட்ட நீயே சொல்லிரு.”

“அஞ்சு நாளா? இவ்வளவு தூரம் வந்து?”

“விருந்தாளி அதுக்கு மேல இருந்தா விருந்தாளி இல்ல.”

அன்றிலிருந்து பயணத்துக்கான ஏற்பாடு மும்முரமாக நடந்தது. ஜுமானா வைகாசியில் வரச் சொன்னாள். மரமெல்லாம் பூத்திருக்குமாம், வெயிலடிக்குமாம். விஜயகலா மாட்டேன் என்றாள். வைகாசியில் பால் நன்றாக இறங்கும், வேலையை விட்டுவிட்டு வர ஏலாது. மாசியில் மரங்களுக்கும் ஓய்வு, அவளுக்கும் ஓய்வு.

“மாசியில இங்க ஒரு மரத்துல ஒரு இலை இருக்காது கலா. எலும்புக்கூடு மாதிரி நிக்கும்.”

“இங்கயும் அப்படித்தான் நிக்கும். எனக்குப் பழக்கம்.”

அந்த ஊரில் என்ன பார்ப்பது என்பதற்குத் தோட்டத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். நகரத்தை இரண்டாகப் பிரித்த மதிலின் மிச்சத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார் கணக்கப்பிள்ளை. ஹிட்லர் செத்த இடத்தைப் படம் பிடித்து வரச் சொன்னான் பெலிஹுல்ஓயா என்று கேலி செய்தவன். யோகராஜ், அந்த ஊரில் டயர் தொழிற்சாலை இருந்தால் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வா என்றான். நம்ம பால் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்ளலாமாம்.

“உனக்கு என்ன ஆசை? நீ சொல்லு” என்று ஜுமானா கேட்டபோது மட்டும் விஜயகலா ஒரு கிழமை தவணை கேட்டாள். கிழமை முடிந்ததும் பாறையில் ஏறிச் சொன்னாள். ஜுமானா அனுப்பிய படங்களில் மஞ்சள் நிறத்தில் ஒரு மாடி பஸ் இருந்தது. அதில் மேல்தட்டில் முன் சீட்டில் உட்கார்ந்து அது போகிற இடமெல்லாம் போக வேண்டும். ஒரு கடையில் உட்கார்ந்து, யாராவது கொண்டுவந்து வைக்கிற கோப்பியைக் குடிக்க வேண்டும். பிறகு இன்னொன்று.

“வீட்டுச் சாவி ஒண்ணு எனக்குத் தரணும். நானே பூட்டி, நானே திறந்து, ஒரு நாள் தனியாப் போயிட்டு வரணும்.”

ஜுமானா அழுகிறாள் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. சின்ன வயதிலும் அவள் சத்தமில்லாமல்தான் அழுவாள்.

“மியூசியம் ஒண்ணும் வேணாமா?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“நேரமிருந்தா பார்ப்போம்.”

விசாவுக்கான தாள்களை நிரப்பியது மதுஷா. அவிசாவளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், ஆங்கிலம் நன்றாக எழுதுவாள். போய்த் தங்கப்போகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி இருந்தது. அந்த இடத்தில் மதுஷாவின் பேனா நின்றது.

“என்னன்னு போடம்மா?”

விஜயகலா மகளின் முகத்தைப் பார்க்காமல் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஜுமானாவுக்கும் இவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவளுக்கு முதல் பல் விழுந்தபோது விஜயகலா பக்கத்தில் இருந்தாள். இவளுக்கு விழுந்தபோது இல்லை. அதை இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

“கூட்டாளின்னு போடுறேன்” என்று மதுஷாவே முடிவு செய்து, ஆங்கிலத்தில் ஃப்ரெண்ட் என்று எழுதினாள். “நேத்து அவ எனக்கு மெசேஜ் போட்டிருந்தா, தெரியுமா?”

“என்னன்னு?”

“ஒங்க அம்மாவ அஞ்சு நாளைக்குத் தரலாமான்னு கேட்டா.”

விஜயகலா முறத்தைக் கீழே வைத்தாள். “நீ என்ன சொன்ன?”

“ஏழு வருஷம் வச்சிருந்தீங்க, அஞ்சு நாள்ல என்ன குறைஞ்சிறப் போகுதுன்னு போட்டேன்.” மதுஷா சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “அவ நல்ல ஆள்தான்மா. கேக்கணும்னு தோணியிருக்கு பாருங்க.”

அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் தங்களுக்குள் பேசி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார்கள். எந்த விமானம், எங்கே மாற வேண்டும், என்ன உடுப்பு என்பதெல்லாம் விஜயகலாவைக் கேளாமலே முடிவாயிற்று. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

குளிருக்குக் கோட் வாங்க தெஹியோவிட்ட பஸாருக்குப் போனார்கள். அங்கே சித்தி மரியம் வெளிநாட்டுப் பழைய உடுப்புகளை விற்கும் கடை வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் முஸ்லிம் பெண்களை அக்கா என்பதற்குத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மரியம் தாத்தா, பனியில போடுற மாதிரி கோட் ஒண்ணு வேணும்.”

“பனியிலயா? எங்க புள்ள போற?” விஷயத்தைக் கேட்டதும் சித்தி மரியம் கடையையே புரட்டிப் போட்டாள். மூட்டையின் அடியிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில், முழங்கால்வரை வரும் கோட் ஒன்றை உருவி எடுத்தாள். “இந்தா, இது ஒண்டு ஈக்கி. இந்த ஊர்ல ஆரும் எடுக்க மாட்டாங்க. ஒனக்கெண்டே வந்தீக்கி போல.”

போட்டுப் பார்த்ததும் விஜயகலாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைக்கு வந்திருந்த சிங்களப் பெண்கள் இருவர் நின்று பார்த்து, “ஹரி லஸ்ஸனய்” என்று மெச்சினார்கள். கோட்டின் கழுத்துப் பக்கத்தில் தைத்திருந்த துணித்துண்டைப் படித்த மதுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். அது ஜெர்மனியில் தைத்த கோட்.

கொழும்பில் விசா கொடுக்குமிடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். தாள்களைப் புரட்டிவிட்டு, கூட்டாளி என்று போட்டிருக்கிறீர்கள், எப்படிப் பழக்கம் என்று கேட்டாள். கூட்டாளி என்பதை நிரூபிக்க விஜயகலாவிடம் ஒன்றுமில்லை. “மம ஹதபு லமயா, மிஸ்” என்றாள். நான் வளர்த்த பிள்ளை. அந்தப் பெண், அப்படியானால் அங்கேயே தங்கிவிட மாட்டீர்களே என்று கேட்டாள்.

“அய்யோ இல்ல மிஸ். ஆயெத் எவில்லா கிரி கபன்ன தியெனவனே.” திரும்பி வந்து பால் வெட்ட இருக்கிறதே என்று அவள் சொன்ன விதத்தில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கிழமையில் விசா கிடைத்தது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யோகராஜ்தான் பதறினான். பாஸ்போர்ட் இருக்கிறதா, கோட் இருக்கிறதா என்று மாறி மாறிக் கேட்டான். “நான் ஏறாத பிளேனா? நீங்க வீட்டுக்குப் போய் ஒழுங்காச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெர்லினில் ஜுமானா சொன்னபடியே மரங்கள் எலும்பாக நின்றன. குளிர் காதைக் கடித்தது. விமான நிலையத்திலேயே ஜுமானா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. இருவருக்கும் நடுவே நசுங்கிய குழந்தை வீறிட்டு அழுதது. வீட்டில் முதல் நாள் முழுக்க விஜயகலாவை எழும்பவே விடவில்லை. தட்டைக் கழுவப் போனால் தட்டைப் பிடுங்கினார்கள். மேசையில் எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதை ஜுமானா பார்த்துக்கொண்டே இருந்தாள். “இப்படிப் பார்த்தா எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?” என்று விஜயகலா அதட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் கத்தரிப்பூக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவைத் தானே பூட்டி, தனியாகப் போனாள். மாடி பஸ்ஸில் முன் சீட் கிடைத்தது. ஆறு, பாலம், பச்சைக் கூரை வைத்த பெரிய கோயில், சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிப் போகும் தாய்மார்கள் எல்லாம் கண்ணாடி முழுக்க அவளை நோக்கி வந்தன. கீழே போகிறவர்களின் தொப்பிகளை மேலிருந்து பார்ப்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வேறொரு பஸ்ஸில் மாறி ஏறியபோது வழி தப்பிவிட்டது. இறங்கிய தெருவில் கடைப் பலகைகளெல்லாம் அரபியில் இருந்தன. பயம் விட்டுப்போயிற்று. ஒரு பலகாரக் கடைக்குள் போய் அரபியில் வழி கேட்டாள். பெய்ரூத் வாடையடிக்கும் அவளுடைய அரபியைக் கேட்ட கடைக்காரர் ஆச்சரியப்பட்டு, “எந்த வீட்டுல வேலை செய்றம்மா?” என்று கேட்டார்.

“இங்க எனக்கு வேலை இல்லைங்க. ஊர் பார்க்க வந்திருக்கேன்.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டு, “அப்ப உட்காருங்க” என்றார். கோப்பி வந்தது, கூடவே தேனில் ஊறிய பலகாரமும் வந்தது. அவள் அவசரப்படாமல் குடித்தாள்.

நான்காம் நாள் காலை குழந்தை குளிக்க மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தது. ஜுமானாவும் கணவனும் தொட்டியின் இருபுறமும் குனிந்து திண்டாடினார்கள். விஜயகலா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“வேணாம் கலா, நீ விருந்தாளி.”

“விருந்தாளி புள்ளையைத் தூக்கக்கூடாதுன்னு உங்க ஊர்ல சட்டமா?”

குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தடவி, இளஞ்சூட்டுத் தண்ணீரை முதுகில் ஊற்றினாள். அது கத்தலை நிறுத்திவிட்டு, அவளுடைய கால் விரலைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. ஜுமானா வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பியபோது யோகராஜும் மதுஷாவும் கட்டுநாயக்காவுக்கு வந்திருந்தார்கள். வரும் வழியில் அவிசாவளையில் ஒரு சோற்றுக் கடையில் வேனை நிறுத்தினார்கள். யோகராஜ் மதிலைப் பற்றிக் கேட்கவில்லை, டயரைப் பற்றியும் கேட்கவில்லை.

“வேலை வாங்கினாங்களா?”

“ஒரு நாள் புள்ளையைக் குளிப்பாட்டுனேன். நானாத்தான்.”

அவன் தலையை ஆட்டினான். மதுஷா, ஜுமானா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

“உன்னய மாதிரித்தான். சொன்னா கேக்கிறதில்ல.”

மதுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கடைக்காரப் பையன் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தான். ஐந்து நாளாக உறைப்பு இல்லாமல் தின்று நாக்கு செத்திருந்த விஜயகலா, ஒரு பச்சை மிளகாயையும் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர நிறையச் சாப்பிட்டாள்.